படம் ஒன்றுக்கு 200 யென்: டோக்கியோவில் ஒரு புதிய அனிமே ஸ்டுடியோவின் சம்பளக் கணக்கு

ஜப்பானில் புதிதாக ஓர் அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்குவதற்குப் பெரிய முதல் தேவைப்படுவதில்லை. டோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள சுகினாமி, நெரிமா வட்டாரங்களில், கடைகளுக்கு மேல்மாடியிலும் குடியிருப்புக் கட்டடங்களின் இரண்டாம் தளத்திலும், பெயர்ப்பலகை கூடக் கண்ணில் படாத ஸ்டுடியோக்கள் எத்தனையோ இயங்குகின்றன. ஜப்பான் அனிமேஷன் சங்கம் 2020இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் இத்தகைய நிறுவனங்கள் 800க்கு மேல் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை டோக்கியோவில்தான் இருந்தன. சில மேசைகள், வரையும் திரைகள், ஒரு பழைய வேன், நம்பி வேலை தரக்கூடிய ஒரு பெரிய நிறுவனத்தின் தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் கடை திறந்துவிடலாம். திறந்த பிறகு அங்கே வரைபவர்களுக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

நான் கோயம்புத்தூரில் பட்டம் முடித்துவிட்டு டோக்கியோவில் ஒரு தொழிற்கல்லூரியில் அனிமேஷன் தயாரிப்புப் படித்தேன். படிப்பு முடிந்ததும் தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். வரைபவர்களிடமிருந்து 'கட்' எனப்படும் தனித்தனிக் காட்சித் துண்டுகளின் படங்களை வாங்கி அடுத்தவரிடம் கொண்டு சேர்ப்பதும், காலக்கெடுவைத் துரத்துவதும், இரவில் வேன் ஓட்டுவதும் அந்த வேலை. பின்னர், மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்த்துத் திருத்தும் அனுபவம் மிக்க ஓர் அனிமேஷன் இயக்குநரும் ஒரு தயாரிப்பாளரும் சேர்ந்து ஓகிகுபோ நிலையத்துக்கு அருகே புதிய ஸ்டுடியோ ஒன்றைத் தொடங்கியபோது, தயாரிப்பு மேசைப் பொறுப்புக்கு என்னை அழைத்தார்கள். ஊதிய விகிதப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையும் என்னிடமே வந்தது. அந்தப் பட்டியலை எழுதும்போதும் அதன்படி பணம் கொடுக்கும்போதும் நான் கற்றவற்றை, இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும், நம் ஊரில் ஸ்டுடியோ தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கையால் வரையும் அனிமேஷனில் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைபவர் முதன்மைப்பட ஓவியர். அந்த நிலைகளுக்கு இடையே வரும் படங்களை வரைந்து, கோடுகளைச் சுத்தமாக்கி, வண்ணம் தீட்டுவதற்கு ஏற்ற நிலையில் கொடுப்பவர் இடைப்பட ஓவியர். இத்துறைக்குள் நுழையும் பெரும்பாலோர் இடைப்படத்தில்தான் தொடங்குகிறார்கள். முதன்மைப்படத்துக்குக் கட் ஒன்றுக்கு இவ்வளவு என்றும், இடைப்படத்துக்குப் படம் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் கூலி. தொலைக்காட்சித் தொடர்களில் இடைப்படம் ஒன்றின் விலை நெடுங்காலமாக 200 யென்னைச் சுற்றியே நின்றுவந்திருக்கிறது. 250 கொடுத்தால் நல்ல இடம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

இந்த 200 யென்னை டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு புரியும். 2025 அக்டோபர் முதல் டோக்கியோவில் மணிக்கு 1,226 யென்னுக்குக் குறைவாக யாருக்கும் சம்பளம் தரக்கூடாது. இரவில் இருபத்து நான்கு மணி நேரக் கடையில் பெட்டி அடுக்கும் மாணவருக்கும் அந்தத் தொகை கிடைக்கும். இடைப்பட ஓவியர் ஒருவர் அதே தொகையை ஈட்ட வேண்டுமானால் மணிக்கு ஆறு படங்களுக்கு மேல், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில், நாள் முழுவதும் இடைவிடாமல் வரைய வேண்டும். மாதம் 168 மணி நேர வேலை என்று கொண்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஆகின்றன. புதிதாக வந்த ஒருவர் மாதம் 500 படம் வரைந்தாலே மூத்தவர்கள் மெச்சுவார்கள். அந்த 500 படத்துக்குக் கிடைப்பது ஒரு லட்சம் யென். ஓகிகுபோ பக்கத்தில் ஓர் அறை வீட்டின் வாடகைக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும்.

எங்கள் ஸ்டுடியோவில் முதன்முதலாக வந்த கட்டுகளில் ஒன்றை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். மழையில் குடையோடு நிற்கும் ஒரு பெண் மெல்லத் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் காட்சி. ஆனால் எந்தப் படம் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்று குறிக்கும் நேரத்தாளை உறையிலிருந்து எடுத்துப் பிரித்தால் உடல் ஓர் அடுக்கு, முடி ஓர் அடுக்கு, குடை இன்னோர் அடுக்கு என்று தனித்தனியே பிரிந்திருந்தன. அவளுடைய சீருடையில் மடிப்புப் பாவாடை. குடையின் கம்பிகள் ஒவ்வொன்றும் திரும்பும் கோணத்துக்கு ஏற்ப மாற வேண்டும். நிழல் விழும் எல்லைகளைத் தனி வண்ணக் கோடுகளால் பிரித்துக் காட்ட வேண்டும். அதை வரைந்த பெண் ஒரு படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவர் சோம்பல்பட்டவர் அல்லர். அந்தப் படம் கேட்ட நேரம் அது. பக்கத்து மேசையில் இருந்தவருக்கு அதே நாளில் ஒருவர் நின்றபடி பேசும் கட் கிடைத்தது. வாய் மூடிய நிலை, பாதி திறந்த நிலை, முழுதும் திறந்த நிலை என்று மூன்று வாய்ப் படங்கள். பல நிறுவனங்களில் அவையும் படக் கணக்கில் ஒவ்வொன்றாகவே சேரும். ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்த மூன்றுக்கும், மற்றவர் அரை நாள் மல்லுக்கட்டிய மூன்றுக்கும் ஒரே விலை என்றால், திறமையானவரிடம் கடினமான கட்டைக் கொடுப்பதே அவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. நன்றாக வரைபவர் குறைவாகச் சம்பாதிக்கும் இந்த முறைகேடு, குறைந்த விலையைக் காட்டிலும் மனத்தை அதிகம் முறிக்கிறது என்பது என் கருத்து.

புள்ளிவிவரங்களும் இதையே சொல்கின்றன. அனிமேஷன் கலைஞர்களின் அமைப்பான ஜானிக்கா 2015இல் வெளியிட்ட ஆய்வில் இடைப்பட ஓவியர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென்னாக இருந்தது. முதன்மைப்பட ஓவியர்களுக்கு 28 லட்சம், அனிமேஷன் இயக்குநர்களுக்கு 39 லட்சம். அதன் பிறகு துறையின் மொத்தச் சராசரி உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் 2023இல் உருவான நாஃப்கா என்ற அமைப்பு நடத்திய ஆய்வில், துறையில் வேலை செய்பவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 219 மணி நேரம் உழைப்பதாகவும், அவர்களின் இடைநிலை மணிக்கூலி 1,111 யென் என்றும், மாதக் கைச்சம்பளம் இரண்டு லட்சம் யென்னுக்கு மேற்படாதவர்கள் பத்தில் நான்கு பேருக்குக் கொஞ்சம்தான் குறைவு என்றும் தெரியவந்தது. அதே 2023இல் ஜப்பானிய அனிமேயின் மொத்தச் சந்தை 3.34 லட்சம் கோடி யென்னைத் தொட்டது. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்த வருவாய். ஐக்கிய நாடுகள் சபையின் வணிகமும் மனித உரிமையும் பற்றிய பணிக்குழு ஜப்பானைப் பார்வையிட்டுவிட்டு 2024இல் அளித்த அறிக்கையிலும் இத்துறையின் குறைந்த ஊதியமும் நீண்ட வேலை நேரமும் இடம்பெற்றன.

பணம் எங்கேதான் போகிறது என்று நம் ஊர் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது ஒரு தயாரிப்புக் கமிட்டி. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், விளம்பர முகமை ஆகியவை பங்கு போட்டு முதலிடுகின்றன. பின்னால் வரும் ஒளிபரப்பு, இணைய வெளியீடு, பொருள் விற்பனை வருவாயெல்லாம் அந்தப் பங்கின்படியே பிரிகின்றன. ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது படம் எடுத்துக் கொடுப்பதற்கான ஒரு நிலையான தொகை மட்டுமே. கமிட்டியில் பங்கு இல்லாத ஸ்டுடியோவின் தொடர் உலகமெங்கும் ஓடினாலும் அதன் கல்லாவில் ஒரு யென்னும் கூடாது. புதிய ஸ்டுடியோவின் நிலை இன்னும் ஒரு படி கீழே. அது கமிட்டியிடமிருந்து நேரடியாக வேலை பெறுவதில்லை. முதன்மை ஒப்பந்தம் பெற்ற பெரிய ஸ்டுடியோவிடமிருந்து ஓர் எபிசோடை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துத்தான் பிழைப்பைத் தொடங்குகிறது. எங்களுக்கும் முதல் வேலை அப்படித்தான் வந்தது.

இந்த நிலைக்கு, ஜப்பானின் முதல் அரை மணி நேர வாராந்தர அனிமே தொடரை 1963 ஜனவரி 1 அன்று தொடங்கிய மங்கா ஓவியர் தெசுகா ஒசாமுவே காரணம் என்று சொல்வது ஜப்பானில் வழக்கம். அவர் தமது மூஷி புரொடக்ஷன் நிறுவனத்தின் தொடரை உண்மையான செலவுக்கும் குறைவான விலைக்கு விற்றார் என்பதும், அந்த நிறுவனம் 1973இல் நொடித்துப் போனது என்பதும் உண்மை. ஆனால் அறுபது ஆண்டுகளாக ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் அந்த விலையை மறுபடி மறுபடி ஏற்றுக்கொண்டவர்கள்தாம். மாண்டுபோன ஒருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு, இன்று மேசைமேல் இருக்கும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஸ்டுடியோவின் நிறுவனர்களில் ஒருவரான அனிமேஷன் இயக்குநர் இதில் உறுதியாக இருந்தார். வழக்கமான விகிதப் பட்டியலை நான் மாதிரிக்காக அச்சிட்டு வைத்தபோது, அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த விலையில் வரைந்து வளர்ந்தவன் நான். இதையே என் நிறுவனத்தின் பெயரைப் போட்டு இன்னொரு பிள்ளையிடம் நீட்ட எனக்குக் கை வராது. வேறு கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். வேறு கணக்கு என்பது சொல்வதற்கு எளிது. இடைப்பட ஓவியர் ஒருவரைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத மாதச் சம்பளத்தில், முழு ஊழியராக எடுத்தால் மாதம் சுமார் 2,06,000 யென். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் நிறுவனத்தின் பங்கைச் சேர்த்தால் 2,35,000ஐத் தாண்டும். அவர் 500 படம் வரைந்தால் படம் ஒன்றின் அடக்கவிலை 470 யென்னுக்கும் மேல் போகிறது. முதன்மை ஸ்டுடியோ எங்களுக்கு அனுப்பிய மதிப்பீட்டில் இடைப்படத்துக்கு எழுதியிருந்த தொகை அதில் ஏறத்தாழப் பாதிதான். மீதிப் பாதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்காமல் மாதச் சம்பளத்தை அறிவிப்பது, சில மாதங்களில் கடையை மூடுவதற்குத்தான் வழி.

நாங்கள் கண்ட விடைகள் எல்லாம் முழுமையானவை அல்ல. ஆனாலும் வேலை செய்தன. ஒன்று, தொலைக்காட்சி எபிசோடை மட்டும் நம்பியிருக்கவில்லை. விளம்பரப் படங்கள், விளையாட்டு நிறுவனங்களின் அறிமுகக் காட்சிகள், பாடல் காட்சிகள் ஆகியவற்றுக்கு நொடிக் கணக்கில் கிடைக்கும் தொகை தொடர்களைவிடக் கணிசமாக அதிகம். ஆண்டின் ஒரு பகுதியை அவற்றுக்கென்று ஒதுக்கியதால்தான் புதியவர்களின் சம்பளப் பற்றாக்குறையை ஈடுகட்ட முடிந்தது. இன்னொன்று, எபிசோடு ஒன்றுக்கு எத்தனை படங்கள் என்ற உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்தோம். காட்சிகளை வரிசையாகச் சிறு படங்களில் காட்டும் கதைப்பலகை கைக்கு வந்த பிறகு படங்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தால், வரைய ஆரம்பிக்கும் முன்பே இயக்குநருடன் உட்கார்ந்து எந்தக் காட்சியைச் சுருக்குவது, எதற்குக் கூடுதல் தொகை கேட்பது என்று முடிவு செய்வோம். வரைந்து முடித்த பிறகு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

முதன்மைப்படக் கலைஞர்களுக்குக் கட் கணக்கை முற்றிலும் கைவிட முடியவில்லை, ஏனென்றால் அவர்களில் பலர் பல ஸ்டுடியோக்களுக்கு வரையும் தனித்தொழில் கலைஞர்கள். மாதச் சம்பளத்தில் கட்டுண்டு இருக்க அவர்களே விரும்புவதில்லை. அவர்களுக்காகக் கட்டுகளை மூன்று தரமாகப் பிரித்தோம். நின்று பேசுவது கீழ்த்தரம், நடப்பதும் பொருள்களைக் கையாள்வதும் நடுத்தரம், கூட்டம், சண்டை, குதிரை, இசைக்கருவி வாசிப்பது ஆகியவை மேல்தரம். தரத்தைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர் என்று வைத்தால் எல்லாக் கட்டுகளும் கீழ்த்தரத்துக்கே போய்விடும் என்பதால், வரையாத எவரும் தரம் பிரிக்கக் கூடாது என்று விதி செய்து, அந்தப் பொறுப்பை அனிமேஷன் இயக்குநரிடம் கொடுத்தோம். பியானோ வாசிக்கும் விரல்கள் இடம்பெற்ற ஒரு கட்டை அவர் மேல்தரத்துக்கும் மேலாக வைத்து, "இதற்கு நான்கு கட்டுகளின் கூலி கொடுங்கள், இல்லாவிட்டால் காட்சியை முகத்தோடு நிறுத்துங்கள்" என்று எழுதி அனுப்பியதும், இயக்குநர் காட்சியை முகத்தோடு நிறுத்திக்கொண்டதும் எனக்கு நல்ல பாடமாக அமைந்தன. உழைப்புக்கு விலை எழுதப்பட்டிருந்தால், தேவையில்லாத உழைப்பை யாரும் கேட்பதில்லை.

ஆனால் விகிதப் பட்டியலை எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் கலைஞரின் கைக்கு வரும் பணத்தை அது மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலை தடையில்லாமல் வருகிறதா, செய்த வேலையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார்களா, பணம் எந்தத் தேதியில் வருகிறது என்ற மூன்றும் விலைக்குச் சமமான எடையுள்ளவை. ஒருமுறை எங்களுக்கு வேலை கொடுத்த ஒரு நிறுவனத்தின் கதைப்பலகை வாரக்கணக்கில் தாமதமானது. எபிசோடுக்கென்று நேரம் ஒதுக்கி வைத்திருந்த தனித்தொழில் கலைஞர்கள் மேசை காலியாக உட்கார்ந்திருந்தார்கள். படக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் காத்திருக்கும் வாரம் என்பது சம்பளமில்லாத வாரம்; அதே சமயத்தில் வேறிடத்து வேலையை ஏற்கவும் முடியாது. பிறகு எல்லாக் கட்டுகளும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தன. நேரம் போதாமல் இடைப்படங்களின் பெரும்பகுதியை வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு அவசரமாக அனுப்ப நேர்ந்தது. அங்கிருந்து வந்தவற்றைத் திருத்தும் வேலை எங்கள் அனிமேஷன் இயக்குநரின் தலையில் விழுந்தது. அவர் இரவெல்லாம் கண் விழித்துத் திருத்திய படங்களுக்குத் தனியே ஒரு விலையும் இல்லை. அந்த எபிசோடின் விகிதப் பட்டியல் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. மாத இறுதியில் வந்த தொகைதான் எல்லாருக்கும் குறைவாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்பந்தங்களில் கதைப்பலகையை ஒப்படைக்கும் தேதி ஒரு நிபந்தனையாக ஏறியது. அந்தத் தேதி தாண்டினால் எங்கள் முடிவுத் தேதியும் அத்தனை நாள் தள்ளிப் போகும், இல்லாவிட்டால் காத்திருப்புக்கான தொகை தர வேண்டும். இதை எழுதச் சொன்னதற்காக ஒரு பெரிய வேலை கைநழுவிப் போனது. அதற்காக நாங்கள் வருந்தவில்லை.

தளவமைப்புக் கட்டத்துக்குத் தனித் தொகை என்பதும் அவ்வாறு நாங்கள் சேர்த்த ஒன்று. முதன்மைப்பட ஓவியர் முதலில் காட்சியின் அமைப்பை வரைந்து காட்டி, ஒப்புதல் கிடைத்த பிறகே அசைவை வரைகிறார். இரண்டுக்கும் இடையே சில வேளைகளில் மாதங்கள் ஓடிவிடும். முழுத் தொகையும் கடைசியில்தான் என்றால் இன்று வரைந்த படத்துக்குப் பருவம் மாறிய பிறகே பணம் வரும். தளவமைப்பை ஒப்படைத்த மாதத்திலேயே பாதியைக் கொடுத்துவிட்டால், அதே செலவில் கலைஞரின் வாழ்க்கை எவ்வளவோ நிம்மதியாகிறது. புதிய ஸ்டுடியோ ஒன்று கூடுதலாக ஒரு யென்னும் செலவழிக்காமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

சட்டமும் இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் தனித்தொழிலர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை கொடுக்கும்போதே தொகை, தேதி, வேலையின் அளவு ஆகியவற்றை எழுத்திலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும். வேலையைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். மேலிடத்திலிருந்து வந்த வேலையை மறுகுத்தகைக்குக் கொடுத்திருந்தால், அதைத் தெரிவித்துவிட்டு, மேலிடம் பணம் தரவேண்டிய தேதியிலிருந்து 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் ஒப்பந்தத்தில், கலைஞரின் குறையல்லாத காரணத்துக்காகக் கூலியின்றித் திரும்பச் செய்யச் சொல்வதும், பேசிய தொகையைக் குறைப்பதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. "இயக்குநர் மனம் மாறிவிட்டார், இன்னொருமுறை வரைந்து கொடுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவந்த துறைக்கு இது சிறிய மாற்றமல்ல. 2026 ஜனவரி 1 முதல், பழைய துணைக்குத்தகைச் சட்டத்தின் இடத்தில் வந்த திருத்தச் சட்டம், சிறிய நிறுவனம் விலை பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டால் பேச மறுத்துத் தன்னிச்சையாக விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் தானாக வந்து மேசையில் உட்காராது. திருத்தம் கேட்டு வரும் ஒவ்வொரு கட்டுக்கும் காரணத்தை எழுதிவைக்கும் ஒரு பட்டியலை நான் பராமரிக்கிறேன். வரைந்தவரின் பிழையா, இயக்குநரின் மாற்றமா, கதைப்பலகையின் முரண்பாடா என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இருந்ததால் கூடுதல் தொகை கேட்டுப் பெற்றிருக்கிறோம். அது இல்லாத இடத்தில் எவ்வளவு பேசியும் கிடைத்ததில்லை.

வரிப் பக்கம் நிலைமை எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 'இன்வாய்ஸ்' எனப்படும் புதிய விலைப்பட்டியல் முறையால், ஆண்டு விற்பனை ஒரு கோடி யென்னுக்கு உட்பட்ட சிறு கலைஞர்களும் பதிவு செய்துகொண்டு நுகர்வு வரி கட்ட வேண்டிய நெருக்கடிக்கு ஆளானார்கள். பதிவு செய்யாதவரிடம் வேலை வாங்கினால் அந்த வரியை நிறுவனம் முழுமையாகக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமையை யார் ஏற்பது என்பதைப் புதிய ஸ்டுடியோ முதல் நாளிலேயே முடிவு செய்து அறிவித்துவிட வேண்டும். நாங்கள் நிறுவனமே ஏற்பது என்று வைத்துக்கொண்டோம்.

கலைஞர்களை ஊழியர்களாக வைத்துக்கொள்வது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஜப்பானிலேயே பதில்கள் உண்டு. படத்துக்குப் படம் ஆள் சேர்த்துக் கலைத்துவந்த ஜிப்லி ஸ்டுடியோ, 1989இல் கலைஞர்களை நிலையான சம்பளத்தில் ஊழியர்களாக்கியது. ஊஜி நகரிலுள்ள கியோட்டோ அனிமேஷன் தலைநகரை விட்டு விலகி நின்று, ஊழியர் முறையையும் சொந்தப் பயிற்சிப் பள்ளியையும் வளர்த்து, தானே நூல்களைப் பதிப்பித்துக் கதைகளின் உரிமையிலும் பங்கு வைத்துக்கொண்டது. தொயாமா மாகாணத்தின் நான்தோ நகரில் பி.ஏ. வொர்க்ஸ் நிறுவனம், வாழ்க்கைச் செலவு குறைந்த ஊரிலிருந்தபடியே தரமான தொடர்களைத் தருகிறது. ஆயினும் நிலையான சம்பளம் என்பது இடைவிடாத வேலையைக் கேட்கும். ஜிப்லியே 2014இல் தன் தயாரிப்புப் பிரிவைக் கலைக்க வேண்டிவந்தது. உரிமையில் பங்கு, தொடர்ச்சியான வேலை, குறைந்த வாழ்க்கைச் செலவு ஆகியவற்றில் ஒன்றாவது கைவசம் இருக்கும்வரை மாதச் சம்பளம் நிற்கும் என்பது நான் பார்த்தவரையில் சரியாகவே இருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டாவது மட்டும். முதலாவதுக்காக ஒரு குறும்படத்தைச் சொந்தச் செலவில் சிறுகச் சிறுக வரைந்துகொண்டிருக்கிறோம்.

நம் ஊரிலிருந்து இங்கே வந்து வரைய விரும்பும் இளைஞர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களிடம் முதலில் சொல்வது, வேலைக் கடிதத்தில் நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக் கலைஞரா என்பதைப் பாருங்கள் என்பதே. வெளிநாட்டவருக்கான வழக்கமான வேலை விசாவுக்கு, ஜப்பானியர் ஒருவர் அதே வேலைக்குப் பெறும் சம்பளத்துக்குக் குறையாத நிலையான சம்பளம் வேண்டும். ஆகவே படக் கணக்கில் கூலி தரும் இடத்தை மட்டும் நம்பி விமானம் ஏறக் கூடாது. நேர்காணலில் சம்பளம் கேட்பதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. படம் ஒன்றுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், புதியவர் ஒருவர் கடந்த ஆண்டு மாதம் சராசரியாக எத்தனை படம் வரைந்தார், திருத்தத்துக்குக் கூலி உண்டா, வேலை இல்லாத வாரத்துக்கு ஏதாவது உண்டா, வரையும் கணினிக்கும் மென்பொருளுக்கும் யார் செலவு செய்கிறார்கள், மேசைக்கு வாடகை பிடிப்பீர்களா என்றும் கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் எண்களைச் சொல்லும் இடம் பெரும்பாலும் நல்ல இடம். அறிமுகத் தொகை என்று சில மாதங்களுக்கு மட்டும் நிலையான சம்பளம் கொடுத்து, பிறகு படக் கணக்குக்கு மாற்றும் இடங்களும் உண்டு. அந்த மாற்றம் எந்த மாதத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு தனித்தொழில் கலைஞராக மாறினால், தேசிய ஓய்வூதியக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் சொந்தமாகக் கட்ட வேண்டும். ஓய்வூதியக் கட்டணம் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் மாதம் 17,510 யென். 200 யென் விலையில் கிட்டத்தட்ட 88 படங்கள். கட்ட முடியாத ஆண்டில் பேசாமல் விட்டுவிடாமல், வட்டார அலுவலகத்துக்குப் போய்க் கட்டண விலக்குக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்காமல் விட்ட பாக்கி, பின்னால் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது குறுக்கே நிற்கும். வருமானம் உயர்ந்த பிறகு, ஜானிக்கா உறுப்பினர்கள் சேரக்கூடிய கலைஞர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சங்கத்தையும் விசாரித்துப் பாருங்கள். அதன் கட்டணம் வருமானத்தோடு ஏறுவதில்லை. நாஃப்கா 2024இல் தொடங்கிய அனிமேஷன் திறன் தேர்வு, பெரிய ஸ்டுடியோவில் பயிற்சி கிடைக்காதவர்களுக்குத் தங்கள் கைத்திறனைக் காட்டும் ஒரு சான்றாகிறது.

நான் இப்போது அடுத்த ஆண்டுக்கான விகிதப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறேன். குறைந்தபட்ச ஊதியம் உயரும்போதெல்லாம் புதியவர்களின் சம்பளத்தோடு முதன்மைப்படத்தின் மூன்று தரங்களும் அதே விகிதத்தில் உயர வேண்டும் என்ற ஒரு வரியை இம்முறை சேர்த்திருக்கிறேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களில் ஒன்று அதை ஏற்பதாகக் கடிதம் அனுப்பிவிட்டது. மற்ற இரண்டோடு பேச்சு நடக்கிறது. அவற்றில் ஒன்று, இடைப்படத்தின் அடக்கவிலை உண்மையிலேயே 470 யென்தானா என்று கேட்டு, கணக்கை விரிவாக அனுப்பச் சொல்லியிருக்கிறது. சம்பளம், காப்பீடு, மாதப் படங்களின் எண்ணிக்கை, திருத்தங்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.